கரண்டி யார் கையில்?

(வானொலி மறையுரை. பாஸ்கா காலம் 5ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு.
வாசகங்கள்: திருத்தூதர் பணிகள் 6:1-7, 1 பேதுரு 2:4-9, யோவான் 14:1-12)



இன்றைய முதல் வாசகம் ஒரு சாப்பாட்டுப் பிரச்சினையைச் சொல்கிறது. எருசலேம் திருச்சபை பிறந்து அதிக நாள் ஆகவில்லை. உடைமைகளைப் பொதுவாக வைத்து, ஏழைகளுக்கு நாள்தோறும் உணவு பகிர்ந்து வந்தார்கள். அந்தப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள். முணுமுணுப்பு எழுந்தது. லூக்கா இதை மூடி மறைக்கவில்லை. திருத்தூதர்கள் உயிரோடு இருந்த காலத்தில், அவர்கள் கண்முன்னாலேயே, திருச்சபையின் பந்தியில் கைம்பெண்களுக்குக் குறை நேர்ந்தது என்று எழுதி வைத்துவிட்டார்.

கள்ளக்குறிச்சியில் வாழும் நமக்கு இந்த வாசகம் வெகு தொலைவில் நடந்த கதையாகப் படவில்லை. கைம்பெண்கள் என்றதும் நம் கண்முன் வருவது கருணாபுரம்.

வருகிற ஜூன் மாதத்தோடு 2 ஆண்டுகள் நிறைகின்றன. 2024 ஜூன் 18, 19 நாள்களில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நாளெல்லாம் மூட்டை தூக்கியவர்களும் கூலி வேலைக்குப் போனவர்களும் உடல் வலி தீர வாங்கிக் குடித்த பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரையே வாங்கும். கண் தெரியவில்லை, வயிறு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே விழுந்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று மருத்துவமனை மருத்துவமனையாக உறவினர்கள் அலைந்தார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சாவு. ஆறுதல் சொல்லப் போகிறவருக்கு எந்த வீட்டில் முதலில் நுழைவது என்று தெரியாத நிலை.

அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் மாதம் 5,000 ரூபாயும் அறிவித்தது. அப்போது ஒரு பேச்சு கிளம்பியது: "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" டீக்கடையில் மட்டும் அல்ல, நம் கோவில் வாசலிலும் அதைக் கேட்டோம். சாராயத்தை வாங்கியவர் இறந்துவிட்டார். அந்தப் பேச்சு போய் விழுந்தது, அதை வாங்காத ஒரு பெண்ணின் தலையில். இதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்பிற்குரியவர்களே, சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை நேரம், கருணாபுரத்துப் பெண்கள் சிலர் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். ஏழெட்டுப் பேர். ஒரே சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள். அவர்களில் ஓரிருவர்தாம் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஏதாவது மனு எழுதித் தர வேண்டுமோ என்று நினைத்துத் தாளை எடுத்தோம். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "காசு வந்துச்சு சாமி, இல்லேன்னு சொல்லல. ராத்திரிதான் போகமாட்டேங்குது."

பிறகு மெதுவாக விளக்கினார்கள். பகலில் நடவுக்கோ களைக்கோ போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பிள்ளையைப் பார்த்தால் கூலி இல்லை. வங்கியில் இருக்கிற பணத்தைக் கேட்டு மச்சினன் வருகிறான், கடன்காரன் வருகிறான். இரவில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால் யார் என்று கேட்கவும் பயமாக இருக்கிறது. அவர்கள் கேட்டது ஒன்றுதான். சேர்ந்து வாழ ஓர் இடம். ஒரே கூரை, ஒரே அடுப்பு, உழுது பயிர் செய்யக் கொஞ்சம் நிலம். ஒருவர் முறை வைத்து வீட்டில் இருந்து சமைத்துப் பிள்ளைகளைப் பார்ப்பார், மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். வங்கிக் கணக்கு அவரவருக்கு, அடுப்பு எல்லாருக்கும். கோமுகி அணைப் பக்கம் போகிற சாலையில் நம் பங்குக்கு உரிய நிலம் ஒன்று சும்மா கிடப்பதையும், அதில் ஓர் ஓட்டுக் கட்டடமும் தூர்ந்த கிணறும் இருப்பதையும் அவர்கள் விசாரித்து வைத்திருந்தார்கள்.

நம் பங்குப் பேரவை இதற்காக இரண்டு முறை கூடியது. நான்கு கேள்விகள் எழுந்தன. பெண்கள் மட்டும் தனியாகத் தங்கினால் ஊர் என்ன பேசும்? அவர்களில் பலர் நம் சபையைச் சேராதவர்கள், கோவில் நிலத்தை எப்படிக் கொடுப்பது? நாளைக்கே சண்டை போட்டுப் பிரிந்து போனால் என்ன செய்வது? இதையெல்லாம் யார் மேற்பார்வை பார்ப்பது? கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பொறுப்போடுதான் கேட்டார்கள். ஆகவே இன்றைய இறைவார்த்தையின் ஒளியில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊர் என்ன பேசும் என்பது முதல் கேள்வி. ஊர் பேசத்தான் செய்யும். கைம்பெண்கள் சேர்ந்து நின்ற இடத்திலெல்லாம் பேசியிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரிக்கு 1863இல் ஒரு கைம்பெண் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் பெயர் ஞானம்மா. ஆந்திரத்தில் பிரங்கிபுரத்தில் 1822இல் பிறந்தவர். 1859இல் கணவரை இழந்தவர். கணவனை இழந்தவள் வெளியே வருவதே தவறு, பெண்பிள்ளை எழுத்துப் படிப்பதே வீண் என்றிருந்த காலம் அது. 1874 டிசம்பரில் அவர் இறந்தார். அவரைச் சுற்றிச் சேர்ந்த பெண்களிடமிருந்துதான் புனித அன்னம்மாள் பெயரைத் தாங்கிய துறவற சபை வளர்ந்தது. இன்று அந்தச் சகோதரிகளின் பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்கிறோம். அன்று பேசிய ஊர் இன்று வரிசையில் நிற்கிறது.

அவர்கள் நம் சபையாரா என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு நம் திருச்சபைக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். பண்டித ரமாபாய் 1858இல் பிறந்தவர். வேதம் கற்ற குடும்பம். தென்னாட்டுத் திருத்தலங்களைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தைப் பஞ்சம் பிடித்தது. 1874இல் சில மாத இடைவெளியில் தந்தையும் தாயும் இறந்தார்கள். மணமாகி இரண்டு ஆண்டுகூட முடியாமல் 1882இல் கணவர் காலரா நோயில் இறந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. பிறகு இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். 1889இல் மும்பையில் இளம் கைம்பெண்களுக்குச் சாரதா சதன் என்ற இல்லத்தைத் திறந்தார். அடுத்த ஆண்டு அது புனேக்குப் போனது. அங்கே 1893இல் பெரும் சிக்கல் வந்தது. பிள்ளைகளை மதம் மாற்றப் பார்க்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆலோசகர்கள் விலகினார்கள். பெற்றோர்களும் காப்பாளர்களும் பல பெண்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வரலாற்றிலிருந்து நாம் ஒரு பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும். துயரத்தில் இருப்பவரிடம் மதத்தைப் பேசினால், நாம் தருகிற சோறு விலையாகிவிடும், விருந்தாக இராது. நம் நிலத்தில் தங்குகிற பெண் விளக்கேற்றிக் கும்பிட்டால் கும்பிடட்டும். அவர் நம் கோவிலுக்கு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் அவருடைய பாய் அங்கேதான் இருக்கும். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தம் தந்தையின் வீட்டில் உறைவிடங்கள் பல உண்டு என்கிறார். இடம் ஆயத்தம் செய்யப் போவதாகவும் சொல்கிறார். நம் ஓட்டுக் கட்டடத்தில் ஓர் அறை ஆயத்தம் செய்ய நாம் எத்தனை சான்றிதழ் கேட்பது?

ரமாபாயின் கதை 1893இல் முடியவில்லை. 1896இல் நடு இந்தியாவில் பஞ்சம் வந்தது. சிறுவயதில் பசித்தவர் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. நேரில் போய் 300 பெண்கள், சிறுமிகள் அளவுக்கு அழைத்து வந்தார். பிளேக் நோய்க் கட்டுப்பாட்டால் அவர்களைப் புனே நகருக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. நகருக்கு வெளியே கேட்கான் என்ற சிற்றூரில், இல்லத்தின் வருமானத்துக்காக முன்பே வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். முக்தி என்று பெயர். கிணறு வெட்டினார்கள், பயிர் வைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், தறி போட்டார்கள், எண்ணெய் ஆட்டினார்கள். பார்வையற்ற பெண்களுக்கு ஒரு பிரிவு, முதியவர்களுக்கு ஒரு பிரிவு. அடுத்த பஞ்சம் முடிந்தபோது அங்கே இருந்தவர்கள் 2,000 பேரை நெருங்கினார்கள்.

நம்மை அதிகம் தொட்டது அவர்களுடைய அச்சகம். ரமாபாய் விவிலியத்தை எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். அதற்கு எழுத்துக் கோத்து அச்சிட்டவர்கள் அந்த இல்லத்துப் பெண்கள். எலும்பும் தோலுமாக வந்த சிறுமிகள் வளர்ந்து ஈய எழுத்துகளைக் கையில் எடுத்தார்கள். ரமாபாய் 1922இல் இறந்தார். முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது. அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை, ஏனென்றால் வேலை அந்தப் பெண்களின் கையில் இருந்தது. முக்தி இல்லம் இன்றும் இயங்குகிறது.

மூன்றாவது கேள்வி: சண்டை போட்டுப் பிரிந்து போனால்? போடுவார்கள். ஒரே அடுப்பு என்றால் உப்புக்கும் சண்டை வரும், தண்ணீருக்கும் வரும். யாருடைய பிள்ளைக்கு முட்டை பெரிதாக விழுந்தது என்பதற்கும் வரும். குருமடத்தில் பல ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்ட நமக்கு இது புதிதல்ல. சண்டையே இல்லாத கூட்டு வாழ்வை எதிர்பார்த்தால், எந்தத் துறவற மடமும் ஓர் ஆண்டு தாண்டாது.

பிரிந்து போவதைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன், இன்றைய பெல்ஜியம், ஹாலந்துப் பகுதியில் பெகின் என்ற பெண்கள் இருந்தார்கள். மணமாகாதவர்களும் கைம்பெண்களும் சேர்ந்து, நடுவில் கோவிலும் சுற்றிலும் சிறு வீடுகளுமாகக் குடியிருப்பு அமைத்து வாழ்ந்தார்கள். நூல் நூற்றும் துணி வெளுத்தும் நோயாளிகளைப் பேணியும் தம் கையால் சம்பாதித்தார்கள். ஆயுள் முழுமைக்கும் வார்த்தைப்பாடு கிடையாது. விரும்பினால் வெளியேறலாம், மணம் செய்துகொள்ளலாம். தலைவியைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆண்களின் மேற்பார்வை இல்லாத இந்தப் பெண்களைத் திருச்சபைத் தலைவர்கள் சந்தேகப்பட்டதும் உண்டு. 1311இல் கூடிய வியென் பொதுச்சங்கம் அவர்களைக் கண்டித்தது. இது நம் வரலாறு, நாம்தான் சொல்ல வேண்டும். அவர்களுடைய கடைசி உறுப்பினர் பெல்ஜியத்தில் 2013இல் இறந்தார். வெளியே போகக் கதவு திறந்திருந்தது. அப்படியிருந்தும் 800 ஆண்டுகள் நிலைத்தது. நம் நிலத்துக்கு வருகிற பெண்ணும், மறுமணமோ மகனோடு வாழ்வோ அமைந்தால் போகட்டும். நாம் வாழ்த்தி அனுப்புவோம். அடுத்தவருக்கு அந்த இடம் உதவும்.

இப்போது நான்காவது கேள்வி. யார் மேற்பார்வை? இங்கேதான் நாம் ஒரு தவற்றை அறிக்கையிட வேண்டும். முதல் கூட்டம் முடிந்ததும் ஒரு தாளில் திட்டம் எழுதினோம். மேற்பார்வைக் குழு ஐந்து பேர். சாவி யாரிடம், கணக்கு யாரிடம், யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று எல்லாம் எழுதினோம். எழுதி முடித்து மகிழ்ச்சியாக எழுந்தோம். இந்த வாரம் மறையுரைக்காக முதல் வாசகத்தைப் படித்துவிட்டு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். ஐந்து பேரும் ஆண்கள். நம்மிடம் வந்த அந்தப் பெண்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

அன்பிற்குரியவர்களே, எருசலேமில் திருத்தூதர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். குறை சொன்னவர்களை அவர்கள் அதட்டவில்லை. இனிமேல் கவனமாகப் பரிமாறுகிறோம் என்று வாக்குறுதி கொடுத்தும் அனுப்பவில்லை. பந்திப் பொறுப்பையே மாற்றினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன், அந்தியோக்கியாவிலிருந்து வந்த நிக்கொலா... ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தக் கூட்டத்தார் விடுபட்டார்களோ, அந்தக் கூட்டத்தார் கையிலேயே கரண்டியைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கடவுளின் வார்த்தை பரவியது, சீடர்களின் எண்ணிக்கை பெருகியது என்று லூக்கா எழுதுகிறார்.

அந்த ஏழு பேரும் ஆண்கள்தாமே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் மூன்று அதிகாரம் தள்ளிப் போங்கள். யோப்பா நகரில் தபித்தா என்ற பெண் வருகிறார். பெண் சீடர் என்ற சொல்லைப் புதிய ஏற்பாடு ஒரே ஒருமுறைதான் பயன்படுத்துகிறது, அது இவருக்குத்தான். அவர் இறந்ததும் கைம்பெண்கள் எல்லாரும் பேதுருவைச் சூழ்ந்து அழுகிறார்கள். தங்களோடு இருந்தபோது தபித்தா தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டுகிறார்கள். அவருக்கு உயிர் கொடுத்த பேதுரு, இறைமக்களையும் கைம்பெண்களையும் கூப்பிட்டு, அவர்கள் முன் அவரை நிறுத்துகிறார். அந்தப் பெண்களுக்கு அவர்களுடைய தோழியைத் திருப்பித் தந்துவிட்டு விலகிக்கொள்கிறார். அங்கே அவர் மேற்பார்வைக் குழு எதுவும் அமைத்ததாக எழுதியில்லை.

கூட்டாக உழைப்பதும் கணக்கு வைப்பதும் நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாத வேலையா? தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் நம் கல்வராயன் மலைக்கு மேற்கே இருக்கிற தருமபுரியில்தான் தொடங்கின. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களும் வாரச் சேமிப்பைப் பைசா பிசகாமல் சொன்னார்கள். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில், 4 முதல் 10 பெண்கள் ஒரு குழுவாகக் கூடி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். நம் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போய்விட்டால், திரும்பி வரும்வரை காட்டையும் ஆட்டையும் பிள்ளைகளையும் காப்பது யார்? அவர்களை யாரும் மேற்பார்வை பார்ப்பதில்லை.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டோம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பங்குப் பேரவை மறுபடி கூடும். இந்த முறை அந்தப் பெண்களும் நாற்காலி போட்டு உட்காருவார்கள். சாவி அவர்களிடம், கணக்குப் புத்தகம் அவர்களிடம், யார் வரலாம் என்ற முடிவும் அவர்களிடம் என்று நாம் முன்மொழிவோம். மறைமாவட்டத்தின் அனுமதி பெற்றுக் குத்தகைப் பத்திரம் எழுதித் தருவது நம் வேலை. இதில் தவறு நேரலாம். ஒரு பருவம் மரவள்ளி பொய்க்கலாம். கணக்கில் ஒருமுறை பிழை வரலாம். நம் அன்பியங்களின் கணக்கிலும் பிழை வந்திருக்கிறது. அதற்காக யாரும் கோவிலைப் பூட்டவில்லை.

பங்கு மக்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம்.

முதலாவது, நம் வீட்டுப் பேச்சைப் பற்றியது. குடிகாரன் பெண்டாட்டி என்ற சொல் இனி நம் வாயில் வர வேண்டாம். கைம்பெண் எதிரே வந்தால் ஆகாது என்ற எண்ணம் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் இருக்கிறது, மறுக்க வேண்டாம். மகளின் வளைகாப்புக்கும் மகனின் நிச்சயதார்த்தத்துக்கும் அவர்களைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். மணமக்களுக்கு முதல் சிலுவை அடையாளம் அவர்கள் கையால் இடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நம் ஆண்களுக்கு. அனுமதி வந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை காலை, மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு அந்த நிலத்துக்கு வாருங்கள். சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது, வெட்ட வேண்டும். கிணற்றில் தூர் வார வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். இன்றைய இரண்டாம் வாசகத்தில் பேதுரு நம்மை உயிருள்ள கற்கள் என்கிறார். கல் தனியாகக் கிடந்தால் கால் இடறும், சேர்த்து அடுக்கினால் வீடாகும். மாலையில் வேலை முடிந்ததும், சாவியை அந்தப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் எல்லாரும் வீட்டுக்குப் போவோம். அன்றிரவு அவர்கள் அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஒருநாள் அவர்களே நம்மைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் போய்ப் பந்தியில் உட்காருவோம், அவர்கள் பரிமாறட்டும்.

செபிப்போமாக. கைம்பெண்களின் முறையீட்டுக்குச் செவிசாய்க்கும் தந்தையே, கருணாபுரத்தில் இறந்த எங்கள் சகோதர சகோதரிகளுக்கு நிலையான இளைப்பாற்றியைத் தாரும். அவர்கள் விட்டுச்சென்ற மனைவியர்க்கும் பிள்ளைகளுக்கும் அச்சமில்லாத இரவுகளைத் தாரும். கொடுக்கும்போது கையை நீட்டவும், கொடுத்தபின் கையை எடுத்துக்கொள்ளவும் எங்களுக்குக் கற்றுத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.